எளிய சமையல் எதில் இருக்கிறது? ஜாக் பெப்பானின் வீட்டுச் சமையல் முறை, ஓர் அறிமுகம்

வீட்டுச் சமையலை எளிதாக்கித் தருவதாகச் சொல்லும் பிரபல சமையல் கலைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய பேச்சில் எளிமையை அளக்க இரண்டு அளவுகோல்களே திரும்பத் திரும்பப் பயன்படுகின்றன: எத்தனை பொருள்கள் தேவை, எத்தனை நிமிடம் ஆகும். பொருளும் நிமிடமும் குறைந்தால் சமையல் எளிது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். ஆனால் முட்டை, வெண்ணெய், உப்பு ஆகிய மூன்றே பொருள்களில் ஒரே நிமிடத்தில் முடியும் பிரெஞ்சு ஆம்லெட்டைத் தொடக்கநிலையாளர் ஒருவரிடம் செய்யச் சொன்னால், அந்த இரண்டு அளவுகோல்களும் எவ்வளவு போதாதவை என்பது உடனே தெரிந்துவிடும்.

பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற ஜாக் பெப்பான் இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்க மிகவும் உதவக்கூடியவர். தொலைக்காட்சியில் அவர் சமைப்பதைப் பார்க்கும் எவருக்கும் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். அதே உணவை வீட்டில் செய்து பார்க்கும்போது அது அவ்வளவு எளிதாக வருவதில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. எளிமை இருக்கும் இடத்தைத்தான் நாம் தவறாகத் தேடுகிறோம். அவருடைய முறையில் எளிமை குறிப்பின் நீளத்தில் இல்லை, சமைப்பவரின் கையில் இருக்கிறது. அந்தக் கைப்பழக்கம் யாருக்கும் வாய்க்கக்கூடியது என்பதைத்தான் அவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறார்.

## இந்த முறை எங்கிருந்து வந்தது

பெப்பான் 1935-ல் லியோன் நகருக்கு வடக்கே உள்ள பூர்-ஆன்-ப்ரெஸ் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய தாய் சிறிய உணவகங்களை நடத்தியவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் தட்டுப்பாட்டில் வளர்ந்த அந்தச் சிறுவன், பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு, ஊரில் இருந்த ஒரு விடுதியின் சமையலறையில் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு பாரிஸின் பிளாசா அத்தேனே விடுதியில் வேலை பார்த்தார். சார்ல் தெ கோல் உள்ளிட்ட பிரெஞ்சு அரசுத் தலைவர்களுக்குச் சமைத்தார். 1959-ல் அமெரிக்கா சென்று, நியூயார்க்கின் லே பவியோன் உணவகத்தில் சேர்ந்தார்.

அதன்பின் அவர் எடுத்த முடிவுதான் நம் கட்டுரைக்கு முக்கியமானது. வெள்ளை மாளிகையில் கென்னடி குடும்பத்துக்குச் சமைக்கும் வாய்ப்பு வந்தபோது அதை ஏற்காமல், நெடுஞ்சாலைப் பயணிகளுக்கு உணவு வழங்கிய ஹோவர்ட் ஜான்சன் என்ற உணவகத் தொடரில் வேலைக்குச் சேர்ந்து, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அங்கே இருந்தார். அரச விருந்துகளைச் சமைத்த கை, சாதாரண மனிதர்கள் அன்றாடம் சாப்பிடுவதைக் கவனிக்கத் தொடங்கியது அங்கேதான். சில ஆண்டுகளில், 1974-ல், ஒரு கார் விபத்தில் அவருக்குப் பல எலும்புகள் முறிந்தன. நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் உணவகச் சமையலறைக்கு முன்போலத் திரும்ப இயலாத நிலையில், எழுத்துக்கும் கற்பித்தலுக்கும் வந்தார். 1976-ல் வெளியான அவருடைய ‘லா டெக்னிக்’ என்ற நூல், உணவு வகைகளைக் காட்டிலும் கைவேலைகளைப் படிப்படியான புகைப்படங்களில் காட்டியது. வெங்காயத்தை நறுக்குவது, கோழியின் எலும்பை நீக்குவது, முட்டையை மடிப்பது போன்றவையே அந்த நூலின் உள்ளடக்கம். என் கணிப்பில், வீட்டுச் சமையலுக்கு அவர் தந்த மிகப் பெரிய கொடை இந்த ஒரு மாற்றம்தான்.

## கைப்பழக்கம் ஏன் வேலையைக் குறைக்கிறது

எழுதப் பழகும் குழந்தை ‘அ’ என்ற எழுத்தை எழுதும்போது, சுழி எங்கே தொடங்குகிறது, கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்று ஒவ்வொரு அசைவையும் யோசித்துத்தான் எழுதுகிறது. எழுதி முடித்ததும் களைத்தும் போகிறது. கடிதம் எழுதும் பெரியவருக்கு எழுத்தின் வடிவம் நினைவிலேயே இருப்பதில்லை. சொல்ல வேண்டிய செய்தி மட்டுமே அவர் மனத்தில் ஓடுகிறது. இருவரும் எழுதுவது அதே எழுத்துகளைத்தான், ஆனால் பெரியவர் எடுக்க வேண்டிய முடிவுகள் மிகக் குறைவு.

சமையலறையில் நடப்பதும் இதுவே. கத்தியை எப்படிப் பிடிப்பது, அடுப்பை எப்போது குறைப்பது, எப்போது கிளறுவது என்று நிமிடத்துக்கு ஒரு கேள்வி எழும்பும்போது, ஐந்து பொருள்கள் கொண்ட உணவும் பாரமாகிவிடுகிறது. அந்தக் கேள்விகளுக்குக் கை தானாகவே விடை சொல்லும்போது, பன்னிரண்டு பொருள்கள் இருந்தாலும் மனம் ருசியைக் கவனிக்க ஓய்வாக இருக்கிறது. இவ்வாறு யோசிக்காமலே செய்ய முடிகிற அளவுக்குப் பழகிய ஒரு கைவேலையைத்தான் இந்தக் கட்டுரையில் ‘நுட்பம்’ என்று குறிப்பிடுகிறேன்.

சுருங்கச் சொன்னால், பெப்பானின் முறையில் எளிமை என்பது எடுக்க வேண்டிய முடிவுகளின் எண்ணிக்கை குறைவது. பொருள்களைக் குறைப்பது அதற்கு ஓரளவு உதவும். நுட்பம் முழுமையாக உதவும்.

## முதல் நுட்பம்: ஒரே அளவில் நறுக்குவது

பெப்பான் வெங்காயம் நறுக்குவதைப் பார்ப்பவர்கள் அதன் வேகத்தைத்தான் வியக்கிறார்கள். வியக்க வேண்டியது அளவின் ஒழுங்கை. அடுப்பில் ஏறிய ஒரு துண்டுக்குள் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே மெல்ல ஊடுருவுகிறது. துண்டின் தடிமன் இரண்டு மடங்கானால், அதன் நடுப்பகுதி சூடாக ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். ஆகவே சிறிதும் பெரிதுமாக நறுக்கிய வெங்காயம் ஒரே வாணலியில் ஒரே நேரத்தில் கருகியும் பச்சையாகவும் இருக்கும். அதன்பின் எந்தக் குறிப்பைப் பின்பற்றினாலும் அந்தத் தவறைச் சரிசெய்ய இயலாது.

இதற்குத் தேவைப்படுவது கூரான ஒரு கத்தியும் சரியான பிடியும். கத்தியின் அலகை அது கைப்பிடியோடு சேரும் இடத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பற்ற வேண்டும். மற்றக் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொண்டால், விரல் கணுக்களே அலகுக்குத் தடுப்பாகவும் வழிகாட்டியாகவும் அமைகின்றன. வெங்காயத்தின் வேர்ப்பக்கத்தை வெட்டாமல் விட்டால் அடுக்குகள் சிதறாமல் கடைசிவரை சேர்ந்தே நிற்கும். கூரான கத்திக்கு இன்னொரு பயனும் உண்டு: மழுங்கிய கத்தி வெங்காயத்தின் செல்களை அதிகமாக நசுக்குகிறது, நசுங்கிய செல்களிலிருந்து எழும் வாயுதான் கண்ணைக் கரிக்கவைக்கிறது.

## இரண்டாம் நுட்பம்: சூட்டைக் கட்டுப்படுத்துவது

பெப்பான் அடிக்கடி செய்து காட்டும் பாடம் ஒன்று உண்டு. அதே முட்டைகள், அதே வெண்ணெய், அதே வகை வாணலி ஆகியவற்றைக் கொண்டு இரண்டு விதமான ஆம்லெட்டுகளைச் செய்வார். ஒன்று நாட்டுப்புற ஆம்லெட். வெளியே பொன்னிறமாகச் சிவந்து, உள்ளே பெரிய பெரிய திரட்சிகளோடு இருக்கும். இன்னொன்று செவ்வியல் பிரெஞ்சு ஆம்லெட். மேற்பரப்பில் ஒரு புள்ளிகூடச் சிவக்காமல், வழுவழுப்பாக, உள்ளே குழைவாக இருக்கும். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று அவர் சொல்வதில்லை; இரண்டும் வேறு வேறு உணவுகள், அவ்வளவே. தொடக்கநிலையாளர் இந்தப் பாடத்தை ஊன்றிக் கவனிப்பது நல்லது, ஏனெனில் மாறுவது சூடும் கையசைவும் மட்டுமே.

முட்டையில் உள்ள புரதங்கள் சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறுகள். சூடு ஏற ஏற அவை சுருள் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பிணைந்து, நடுவே தண்ணீரைப் பிடித்து வைக்கும் வலையாகின்றன. இதற்கு உறைதல் என்று பெயர். வெள்ளைக்கரு ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உறையத் தொடங்குகிறது, மஞ்சள்கரு அதைவிடச் சற்று உயர்ந்த வெப்பத்தில் உறைகிறது. அதற்கு மேலும் சூடேறினால் வலை இறுகி, பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ரப்பர் போன்ற ஆம்லெட்டும் தட்டில் தேங்கும் நீரும் இப்படித்தான் உண்டாகின்றன.

வாணலியின் அடிப்பரப்பு இந்த வெப்பநிலைகளைவிட மிகவும் சூடாக இருக்கிறது. அதனால் செவ்வியல் ஆம்லெட்டில் பெப்பானின் ஒரு கை வாணலியை விடாமல் அசைத்துக்கொண்டிருக்க, மறு கை முள்கரண்டியின் தட்டைப் பக்கத்தால் முட்டையை வேகமாகக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. அடியில் உறைந்த மெல்லிய படலம் இறுகுவதற்கு முன்பே மேலே வந்துவிடுகிறது, உறையாத முட்டை அடிக்குப் போகிறது. திரட்சிகள் மிகச் சிறியவையாக இருப்பதால் வாயில் குழைகின்றன. முட்டை இன்னும் ஈரமாக இருக்கும்போதே கலக்குவதை நிறுத்தி, வாணலியைச் சாய்த்து, ஒரு விளிம்பிலிருந்து மடித்து, தட்டில் கவிழ்த்துவிடுகிறார். மீதி வேக்காடு தட்டில், தன் சூட்டிலேயே முடிகிறது. நாட்டுப்புற ஆம்லெட்டில் அவர் விளிம்புகளை மட்டும் நடுவே இழுத்துவிட்டு முட்டையைச் சும்மா இருக்க விடுகிறார். திரட்சிகள் பெரிதாகின்றன, அடிப்பரப்பு சிவக்கிறது.

சூட்டை அளக்க அவர் கருவி எதையும் எடுப்பதில்லை, வெண்ணெயைப் பார்க்கிறார். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. அது ஆவியாகும்வரை வெண்ணெய் சலசலத்து நுரைக்கும், வெப்பமும் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நுரை அடங்கிச் சலசலப்பு ஓய்ந்தால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். அதன்பின் வெப்பம் விரைந்து ஏற, வெண்ணெயில் உள்ள பால் புரதங்கள் சிவக்கத் தொடங்குகின்றன. சிவக்காத ஆம்லெட்டுக்கு நுரை இருக்கும்போதே முட்டையை ஊற்ற வேண்டும். சிவந்த ஆம்லெட்டுக்கு வெண்ணெய் நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டும்.

இதுவரை கண்டவை: ஒரே அளவில் நறுக்கினால் வேக்காடு சீராகும், சூட்டின் அளவும் கையின் அசைவும் சேர்ந்து ஒரே பொருளை இரண்டு உணவுகளாக்கும், காதையும் கண்ணையும் பயன்படுத்தினால் சூட்டைக் கணிக்கலாம்.

## மூன்றாம் நுட்பம்: வாணலியின் அடியில் ஒட்டியதைக் காப்பாற்றுவது

பெப்பானின் முறை முழுவதையும் ஒரே உணவில் காண விரும்புபவர்கள் அவருடைய கோழித் தொடை வறுவலைப் பார்க்கலாம். தோலோடும் எலும்போடும் உள்ள தொடைத் துண்டுகளை எடுத்து, தோல் இல்லாத பக்கத்தில் எலும்பின் இருபுறமும் சிறிய கத்தியால் ஒரு விரல் கனத்துக்குக் கீறிவிடுகிறார். ஒட்டாத வாணலியில் தோல் கீழே இருக்கும்படி துண்டுகளை நெருக்கமின்றி அடுக்கி, உப்பும் மிளகும் தூவி, சூடேறியதும் தணலைக் குறைத்து இறுக்கமாக மூடுகிறார். எண்ணெய் ஊற்றுவதில்லை. துண்டுகளைத் திருப்பிப் போடுவதும் இல்லை.

ஒவ்வொரு செயலுக்கும் காரணம் இருக்கிறது. தொடையில் எலும்பை ஒட்டிய இடம்தான் கடைசியில் வேகும். அங்கே கீறிவிடுவதால் தடிமன் குறைந்து நேரமும் குறைகிறது. வெங்காயத்தில் கண்ட அதே விதி இங்கேயும் வேலை செய்கிறது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மெல்ல உருகுவதால் வேறு எண்ணெய் தேவைப்படுவதில்லை. உருகிய கொழுப்பிலேயே தோல் மொறுமொறுப்பாகிறது. மூடியின் கீழ் தங்கும் நீராவி மேற்பக்கத்தை வேகவைப்பதால் திருப்ப வேண்டியதும் இல்லை. தொடை இறைச்சியில் கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் நிறைய இருக்கிறது. நீண்ட சூட்டில் அது ஜெலட்டினாக இளகி இறைச்சியை மிருதுவாக வைத்திருக்கிறது. நெஞ்சுக்கறியில் இது குறைவு, ஆகவே சில நிமிடங்கள் கூடினாலும் அது வறண்டுபோகும். தொடக்கநிலையாளருக்குத் தொடைக்கறியே ஏற்றது என்று தயங்காமல் சொல்வேன்.

துண்டுகளை எடுத்த பிறகு வாணலியைக் கழுவப் போடுபவர்கள் உணவின் பாதிச் சுவையைத் தண்ணீரில் விடுகிறார்கள். அடியில் படிந்திருக்கும் பழுப்பு நிறப் படிவுக்கு ‘ஃபாண்ட்’ என்று பெயர். இறைச்சியின் புரதக் கூறுகளும் சர்க்கரைகளும் ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் வினைபுரிந்து புதிய நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணங்களையும் உண்டாக்கும் மெயிலார்ட் வினையில் அது பிறக்கிறது. கருகிய கறுப்பு வேறு, இந்தப் பழுப்பு வேறு; கறுப்பு கசக்கும், பழுப்பு மணக்கும்.

பெப்பான் அந்த வாணலியிலேயே வெங்காயம், பூண்டு, காளான் ஆகியவற்றை வதக்கி, சிறிது வெள்ளை ஒயினை ஊற்றி, அடியைச் சுரண்டிக் கரைக்கிறார். இவ்வாறு படிவைத் திரவத்தில் கரைத்தெடுப்பதற்கு ‘டீகிளேஸ்’ என்று பெயர். ஒயின் இல்லாவிட்டால் தண்ணீரும் போதும், ஏனெனில் அந்தப் படிவின் பெரும்பகுதி தண்ணீரில் கரையக்கூடியது. திரவம் கொதித்து வற்றும்போது சுவை செறிவாகிறது, ஜெலட்டின் அதற்குச் சற்றுக் கனம் தருகிறது. வேறு வாணலிச் சாறுகளில் இறுதியாக ஒரு துண்டுக் குளிர்ந்த வெண்ணெயைச் சேர்த்துச் சுழற்றுவதும் உண்டு. வெண்ணெயின் கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாகச் சாறு முழுவதும் பரவி, பிரியாமல் பளபளப்பாக நிற்கிறது. கொழுப்பும் நீரும் இப்படிக் கலந்து நிற்கும் நிலைக்குப் பால்மம் என்று பெயர். அதன்பின் கொதிக்கவிட்டால் பால்மம் உடைந்து எண்ணெய் தனியே மிதக்கும் என்பதால், அடுப்பை அணைத்துவிட்டுச் சேர்ப்பதே நல்லது.

பரிமாறும்போது தோல் மேலே இருக்கும்படி வைத்து, சாற்றைச் சுற்றிலும் ஊற்ற வேண்டும். தோலின் மேல் ஊற்றினால் அரை மணி நேரம் காத்திருந்து பெற்ற மொறுமொறுப்பு சில நொடிகளில் ஊறிப்போகும்.

## குறிப்பை எந்த அளவுக்கு நம்புவது

நுட்பம்தான் முக்கியம் என்றால் சமையல் குறிப்புகள் தேவையில்லை என்று சிலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். பெப்பானின் நிலைப்பாடு அதுவல்ல. புதிய குறிப்பை முதல் முறை எழுதியபடியே செய்ய வேண்டும் என்றும், பிறகுதான் அதைத் தன் ருசிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அவர் வலியுறுத்துகிறார். முதல் முறையே மாற்றினால், எழுதியவர் எண்ணிய சுவை என்னவென்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

அதே நேரத்தில், எழுதிய நாளில் எழுதியவரின் சமையலறையில் நடந்ததை மட்டுமே குறிப்பு பதிவுசெய்கிறது. பேரிக்காயைச் சர்க்கரைப் பாகில் வேகவைக்கச் சொல்லும் குறிப்பில் ஒரு நேரம் குறிப்பிடப்பட்டிருக்கும். கனிந்த பேரிக்காய் அதற்கு வெகு முன்பே குழைந்துவிடும். காயாக இருப்பது அதைப்போலப் பல மடங்கு நேரம் எடுக்கும். நேரம் நீளும்போது தண்ணீர் கூடுதலாக ஆவியாகும், பாகு இறுகும், ஆகவே நடுவே தண்ணீர் சேர்க்கவும் வேண்டியிருக்கும். இதைக் கவனித்து மாற்றிக்கொள்பவர்தான் குறிப்பு விரும்பிய அதே சுவையை அடைகிறார். கத்தி நுனியால் பழத்தைக் குத்திப் பார்த்து, தடையின்றி இறங்குகிறதா என்று அறிவது கடிகாரத்தைவிட நம்பகமானது.

## மிச்சமும் கடைச் சரக்கும்

நுட்பம் கைவந்த பிறகு பொருள்களைப் பற்றிய கவலை குறைகிறது. ஃப்ரிட்ஜில் எஞ்சிய அரைக் கேரட், வாடத் தொடங்கிய லெட்யூஸ் இலைகள், வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக் தண்டின் பச்சைப் பகுதி ஆகியவற்றை நறுக்கித் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஓட்ஸோ மெல்லிய சேமியாவோ சேர்த்துச் சூப்பாக்குவது பெப்பான் வீட்டு வழக்கம். சூடான நீரில் மாவுச்சத்துத் துகள்கள் ஊறிப் பருத்துச் சூப்புக்குக் கனம் தருகின்றன. போர்க்காலச் சிறுவனாக அவர் கற்ற சிக்கனம் இதில் தெரிகிறது.

நறுக்கி வைத்த காளான், கழுவிய கீரை, டப்பாவில் அடைத்த அவரை விதைகள் ஆகியவற்றை அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் வாங்கிப் பயன்படுத்தவும் அவர் தயங்குவதில்லை. அங்காடியைத் தன் உதவியாளராகவே கருதுகிறார். உணவகத்தில் சமையல் தலைவருக்கு வெங்காயம் நறுக்கித் தர ஆட்கள் இருக்கும்போது, வேலை முடிந்து வீடு திரும்பியவர் மட்டும் எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்தக் கருத்தில் நான் அவரோடு முழுமையாக உடன்படுகிறேன்.

## எங்கிருந்து தொடங்குவது

இந்த முறை தொடக்கத்தில் நேரத்தை மிச்சப்படுத்தாது. முதல் சில வாரங்களில் வெங்காயம் நறுக்கக் கூடுதல் நேரமே ஆகும். ஒரே உணவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமையும் வேண்டும். நாளுக்கொரு புதுக் குறிப்பைத் தேடிப்போகிறவருக்கு நுட்பம் படிவதில்லை. பெப்பானின் பெயரில் 2016-ல் தொடங்கிய அறக்கட்டளை, வேலை கிடைக்கத் தடைகள் உள்ளவர்களுக்குச் சமையல் பயிற்சி தரும் சமூகச் சமையலறைகளுக்கு உதவுகிறது. அடிப்படை நுட்பங்களைக் கற்றவர் எந்தச் சமையலறையிலும் வேலை செய்யலாம் என்ற நம்பிக்கையில் அது இயங்குகிறது.

தொடக்கநிலையாளருக்கு முதல் பயிற்சியாக ஆம்லெட்டையே சொல்வேன். செலவு குறைவு, விளைவு ஒரு நிமிடத்தில் தெரியும், தவறும் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். செவ்வியல் வகையைச் செய்யும்போது மேற்பரப்பு சிவந்திருந்தால் வெண்ணெயின் நுரை அடங்கிய பிறகு முட்டையை ஊற்றியிருக்கிறோம். தட்டில் நீர் கசிந்தால் மடிக்கத் தாமதித்திருக்கிறோம். உள்ளே பெரிய திரட்சிகள் இருந்தால் கை மெதுவாகக் கலக்கியிருக்கிறது. வாணலியில் ஒட்டிக்கொண்டால் பூச்சு தேய்ந்திருக்கிறது, அல்லது வெண்ணெய் விளிம்புவரை பரவவில்லை. அடுத்த முறை இவற்றில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.